எமில் சாமியின் பள்ளத்தாக்கு

எனக்கு இருட்டு என்றால் பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் என்னைத் தைரியசாலி என்று நினைத்துவிடக் கூடாது. கிள்ளானில் எங்கள் மாதா கோயிலில் பதினோரு வருஷம் உபதேசியாராக இருந்தவன் நான். மணி அடிப்பது, பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக் கொடுப்பது, சாவு வீட்டில் முன்னால் நின்று பாடுவது எல்லாம் என் வேலை. ஆனால் பொழுது சாய்ந்தபின் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் போக வேண்டி வந்தால் என் பெண்சாதி உர்சுலாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டுதான் போவேன். அவள் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வருவாள்.

எங்கள் பங்குச் சாமியார் எமில் சாமி பிரான்சுக்காரர். புதுச்சேரியில் தமிழ் படித்துவிட்டு மலாயாவுக்கு வந்தவர். அவருடைய தமிழ் புத்தகத் தமிழ். ரப்பர் தோட்டத்துச் சனங்களுக்குப் பாதி புரியாது. அவரிடம் ஒரு படவிளக்கு இருந்தது. கண்ணாடித் தகட்டை அதில் செருகி விளக்கேற்றினால் எதிரே கட்டிய வேட்டியில் படம் விழும். மொத்தம் நாற்பது தகடுகள். நாற்பதும் அவர் பிறந்த ஆற்றுப் பள்ளத்தாக்குதான். அந்த ஆற்றின் பெயர் இன்றுவரை என் வாயில் நுழையவில்லை.

ஒவ்வொரு திருவிழாவுக்கும் படம் காட்டுவார். அவர் ஒரு வரி சொல்ல, நான் அதை நம் சனங்களுக்கு விளங்குகிற மாதிரி உடைத்துச் சொல்வேன். முதலில் ஆறு. பிறகு மாவு அரைக்கும் ஆலை. பிறகு மலைச்சுவரின் அடியில் ஒண்டிக்கொண்டு நிற்கும் வீடுகள். உச்சியில் கோட்டை. அதற்கப்புறம் கல் பாலம், வெள்ளம் வந்த வருஷம், வாதுமை மரங்கள். கடைசித் தகட்டில் ஒரு குகை. அதன் சுவரில் ஆதிகாலத்து மனிதர்கள் வரைந்த காளைகள். அதைக் காட்டும்போது மட்டும் சாமியின் குரல் தழுதழுக்கும். எனக்கோ பசி வந்துவிடும். நாற்பதும் எனக்கு மனப்பாடம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில் சாமிக்கு அறுபத்தொரு வயது. ஒரு தடவை கோலாலம்பூர்ப் பக்கம் போனபோது பத்துமலையின் வெள்ளைப் பாறையைப் பார்த்திருக்கிறார். வந்ததிலிருந்து அதே பேச்சு.

"உபதேசியாரே, அது எங்கள் ஊர்க் கல். அதே சுண்ணாம்புக் கல். எங்கள் குகையில் வரைந்தார்கள் என்றால் இங்கேயும் யாராவது வரைந்திருக்க வேண்டும். நாம் போய்ப் பார்ப்போம்."

"அங்க முருகன் கோயிலு இருக்குங்க சாமி. நம்மள அந்தப் பக்கம் பாத்தாங்கன்னா ஊரு சும்மா இருக்காதுங்க."

"கோயில் முன்பக்கம். நாம் பின்பக்கமாகப் போவோம். கேரி தீவில் சாகக் கிடக்கும் ஒருவருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்கப் போகிறோம் என்று எல்லாரிடமும் சொல்லிவிடும்."

"சரிங்க சாமி" என்றேன். உபதேசியார் உத்தியோகத்துக்கு வேண்டிய தமிழ் அந்த இரண்டு வார்த்தைதான். உர்சுலாவிடமும் கேரி தீவு என்றே சொன்னேன். அவள் நம்பி, படகில் கவனம் என்று சொல்லி அனுப்பினாள். எங்களுக்கு ஒன்று ஆனால் தேடுகிறவர்கள் கடல் பக்கம் போவார்கள், மலைப் பக்கம் வரமாட்டார்கள் என்பது அப்போது என் மண்டையில் உறைக்கவில்லை.

விடியற்காலை ரயிலேறி, கோலாலம்பூரில் மாறி, ரப்பர் காட்டுக்குள் நடந்து மலையின் பின்பக்கத்தை அடைந்தபோது உச்சிப்பொழுது. மூங்கில் புதருக்குப் பின்னால் குகை வாய் திறந்து கிடந்தது. கார்பைடு விளக்கை ஏற்றிக்கொண்டு சாமி இளவட்டம் மாதிரி உள்ளே போனார். நான் அவர் அங்கியின் நுனி பார்வையை விட்டுப் போகாமல் பின்னால் போனேன். உள்ளே வௌவால் எச்சத்தின் நாற்றம் தொண்டையைப் பிடித்தது. தரையெல்லாம் கரப்பான். மேலே கூரையில் வௌவால்கள் கருப்புக் கம்பளி போட்டதுபோல அப்பிக் கிடந்தன.

காளை ஒன்றும் இல்லை. சாமி ஒவ்வொரு சுவராகத் தடவிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்றார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நாலைந்து கிளை வழி திரும்பிவிட்டோம். ஓரிடத்தில் எச்சச் சேற்றில் அவர் கால் வழுக்கியது. மல்லாந்து விழுந்து சரிவில் உருண்டார். விளக்கு கல்லில் மோதி அணைந்தது.

அப்படி ஓர் இருட்டை நான் அதுவரை பார்த்ததில்லை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். நான் அலறினேன் என்று நினைக்கிறேன். தவழ்ந்து தடவி அவரைக் கண்டுபிடித்தேன். பின்மண்டையில் பிசுபிசுவென்று ரத்தம். அவர் பையிலிருந்த தீப்பெட்டி சேற்றில் ஊறிப் போயிருந்தது. அவரைத் தேடிச் சுற்றியதில் எந்தப் பக்கம் இருந்து வந்தோம் என்பதும் மறந்துவிட்டது. காதுக்குள் கரப்பான் ஏறிவிடுமோ என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் சாமி எழுந்து உட்கார்ந்தார். குரல் தெளிவாக இருந்தது.

"பயம் வேண்டாம். வழி எனக்குத் தெரியும். கையைக் கொடு."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. சாமிக்குத் தெரியாதது உண்டா? கையைக் கொடுத்தேன். அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால்.

"இங்கே குனிய வேண்டும்" என்றார். குனிந்தேன். தலைக்கு மேல் பாறை ஏதும் தட்டவில்லை. "இடது பக்கம் திரும்பு" என்றார். இடது பக்கம் சுவர் இருந்தது. சுவரைத் தடவிக்கொண்டே போய் ஓர் இடுக்கில் நுழைந்தோம். "அவ்வளவுதான். இனி படி. படியில் இறங்கினால் ஆறு."

அவர் பிரெஞ்சில் பிதற்றியிருந்தால் எனக்கு அப்போதே விளங்கியிருக்கும். நல்ல சுத்தமான தமிழில் சொல்லிக்கொண்டு போனார். அதனால் நானும் ஆடு மாதிரி போனேன். என் கால் பட்டு ஒரு கல் உருண்டது. உருண்ட சத்தம் நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு அடியில், வெகு ஆழத்தில், தண்ணீரில் விழுந்தது.

"எந்தப் படிங்க சாமி?" என்று கேட்டேன்.

"அப்பா வெட்டிய படி. என்ன, மறந்துவிட்டாயா? வா லூயி, இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போக வேண்டும்."

லூயி அவருடைய தம்பி. பத்தொன்பதாம் தகட்டில் பாலத்தின் மேல் தொப்பியோடு நிற்பவன்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சாமி நடந்துகொண்டிருந்தது ஏழாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிற குகைக்குள். அவர் பிடியில் என் கை. எங்கள் இருவருக்கும் முன்னால் பள்ளம். அவர் அடுத்த அடி வைக்கப் போனார். நான் கையை உதறி, அவர் அங்கியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக் கீழே சாய்த்தேன். அதுவரை ஒரு குருவானவர் மேல் கை வைத்தவனில்லை நான்.

"விடு" என்று உறுமினார். கிழவருக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பள்ளத்துப் பக்கம் நகர்ந்தார். சாமி, இது பத்துமலை, இது மலாயா என்று கத்தினேன். அந்த வார்த்தை எதுவும் அவர் காதில் ஏறவில்லை. என் முட்டிக்கடியில் கல் சரிந்து விழுவது கேட்டது. இன்னும் ஒரு முழம் போனால் இரண்டு பேரும் முடிந்தோம். உர்சுலா கேரி தீவில் எங்களைத் தேடிக்கொண்டிருப்பாள்.

எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, "ஆத்துல வெள்ளம்" என்றேன்.

அவர் நின்றார்.

"வெள்ளம் வந்துருச்சு. படி முழுகிப் போச்சு. ஆலை வாசல் வரைக்கும் தண்ணி ஏறிக்கிடக்கு." அது இருபத்துமூன்றாம் தகடு. "மேல கோட்டை வழியாத்தான் போவணும்."

"கோட்டை பூட்டியிருக்குமே, லூயி."

"சாயங்கால மணி அடிச்சதும் திறப்பாங்க. அதுவரைக்கும் உக்காந்திருப்போம்."

உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. வௌவால் சாயங்காலம் இரை தேட வெளியே போகும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவை போகிற பக்கம்தான் வாசல். ஆனால் சாயங்காலம் எப்போது? அந்த இருட்டில் சூரியனாவது ஒன்றாவது. ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை நான் நிதானமாகச் சொன்னால் இருபது நிமிஷம் ஆகும். நேரத்தை அதை வைத்து எண்ணலாம் என்று, வேட்டி நுனியை அவர் இடுப்புக் கச்சையோடு முடிந்துகொண்டு ஜெபமாலையைத் தொடங்கினேன். முதல் பாதியை நான் சொன்னதும் மறுபாதியை அவர் வாய் தானாகச் சொன்னது. சிறிது நேரம் பூசைக்கு முன் கோயிலில் இருப்பதுபோல இருந்தது. பிறகு அவர் பதில் சொல்வது நின்றுபோகும். செத்துவிட்டாரோ என்று தொட்டுப் பார்ப்பேன். மறுபடி சொல்வார். ஒருதரம் என் காலின் மேல் வழவழப்பாக ஒன்று ஊர்ந்து போனது. ஜெபத்தை நிறுத்தாமல் வேட்டியை நனைத்துவிட்டேன். சொல்ல வெட்கம்தான், ஆனால் நடந்தது அதுதான்.

பன்னிரண்டாவது ஜெபமாலையில் கூரை அசைந்தது.

முதலில் கீச்சுக் கீச்சென்று சத்தம். பிறகு முகத்தில் காற்று. ஆயிரமாயிரம் சிறகுகள் எங்கள் தலைக்கு மேல் ஒரே பக்கமாகப் போயின. நான் கையை உயர்த்திப் பிடித்தேன். சிறகுகள் விரலில் உரசின. அவை எந்தப் பக்கம் போகின்றன என்பது கைக்குத் தெரிந்தது.

"மணி அடிச்சிட்டாங்க. வாங்க" என்றேன்.

தவழ்ந்தோம். கிளை பிரியும் இடமெல்லாம் கையைத் தூக்கிக் காற்றைக் கேட்டேன். சாமி நின்ற இடத்திலெல்லாம் ஒரு தகட்டை எடுத்துக் கொடுத்தேன். இதோ வாதுமை மரம், இதோ மதில், இதோ மேரி அத்தை வீட்டுப் புகைபோக்கி என்றேன். அவர், "அத்தை சூப் காய்ச்சுகிறாள்" என்று சந்தோஷமாகச் சொன்னார். பதினோரு வருஷமாக அவருடைய ஊரை எத்தனையோ பேருக்குச் சொன்ன நான், அன்றைக்கு அவருக்கே சொன்னேன். ஒரு தகடுகூட மாறவில்லை. வௌவால் தீர்வதற்குள் வாசலுக்குப் போய்விட வேண்டுமே என்ற ஒரே நினைப்புதான்.

தூரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு ஓட்டை தெரிந்தது. மூங்கில் தெரிந்தது. வெளியே வந்து விழுந்தோம். வானத்தில் வௌவால்கள் புகைபோல நீண்டு போய்க்கொண்டிருந்தன. கீழே ரப்பர் மரங்கள், வரிசை வரிசையாக. அதற்கப்பால் ஈயச் சுரங்கத்தின் மேட்டில் ஒரு விளக்கு. மண்ணைத் தொட்டுக் கும்பிட்டேன். பிழைத்தோம்.

சாமி எழுந்து நின்று பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"ஆறு எங்கே?" என்றார்.

என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். காதோரம் ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது.

"நீ லூயி இல்லை."

"இல்லீங்க சாமி. ரபேல். உபதேசியார் ரபேல்."

"இது எந்த ஊர்?"

பள்ளத்தின் விளிம்பிலிருந்து இதுவரை கூசாமல் பொய் சொல்லி வந்தவன் நான். இன்னொன்று சொல்லியிருக்கலாம். பாலம் அந்தப் பக்கம் இருக்கிறது, வாங்க என்றிருந்தால் கீழேயும் பேசாமல் வந்திருப்பார். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபின் வாய் வரவில்லை.

"மலாயாங்க சாமி. உங்க ஊரு இல்லீங்க. நீங்க இங்க வந்து முப்பது வருசமாச்சு."

அவர் அப்படியே உட்கார்ந்தார். முப்பது வருஷமாக எங்கள் சாவு வீடுகளில், பேதி கண்ட தோட்டத்து லயத்து வீடுகளில், பஞ்ச காலத்தில் எங்களைத் தேற்றிய மனுஷர். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு இங்கே யாரையும் தெரியாது" என்றார். "எனக்குப் பயமாக இருக்கிறது. என்னை விட்டுப் போய்விடாதே."

"போவ மாட்டேங்க சாமி" என்றேன். எங்கள் முன்னால் இருட்டிக்கொண்டு வந்தது. அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு அந்த ஈயச் சுரங்கத்து விளக்கைப் பார்த்து இறங்க ஆரம்பித்தேன்.