எல்லோரும் தவறவிட்ட மீன்

மின்னசோட்டாவின் வடக்கில், எல்க்ஹார்ன் ஏரியின் உறைபனிக்கு அடியிலிருந்து ஆர்லின் டோலிஃப்சன் பிடித்து இழுத்த மீன், பார்த்தவர் ஒவ்வொருவருக்கும் தாம் எப்போதோ கைநழுவவிட்ட மீனாகவே தெரிந்தது. பனியில் போட்ட துளை போதாமல் சங்கிலி ரம்பத்தால் அறுத்து அகலப்படுத்தி, பிக்கப் வண்டியில் கயிறு கட்டி இழுத்தார்கள். மேலே வந்த மீன் துள்ளவும் இல்லை, சாகவும் இல்லை. விருந்துக்கு வந்ததுபோல் பனிமேல் சாவகாசமாகக் கிடந்தது.

முதலில் ஓடி வந்தவர், பனிமேல் பக்கத்து மீன்பிடிக் குடிலில் இருந்த லாயிட் ஹாகன். “டேய் ஆர்லின், இது என் பைக் மீன்டா! எழுபத்தெட்டுல என் தூண்டில் நரம்பை அறுத்துக்கிட்டு ஓடின திருட்டுப்பய!” என்று குதித்தார். பாதிரியாருக்கு அது கண் பளபளக்கும் வால்ஐ மீன், பெட்ரோல் பங்க் டொரீனுக்கு மீசை வைத்த பர்பட் மீன். மீன்வளத் துறையிலிருந்து வந்த கெஸ்லர், படப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிவிட்டு, சிறு வயதில் அப்பாவோடு போய்த் தவறவிட்ட டிரவுட் மீன் இதுதான் என்று சொல்லி, எல்லோர் முன்னாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் பதிவேட்டில் மீனின் பெயர் எழுதாமல் போக முடியாதே. வாழ்நாளில் தூண்டிலே தொடாத, தவறவிட மீனே இல்லாத ஒருவர் வந்து பார்க்கட்டும் என்றார். ஊரில் அப்படி ஒருத்திதான் இருந்தாள்: ஆர்லினின் மனைவி வெர்னா.

கல்யாணமான வருஷம் இதே ஏரியில் ஒரு ராட்சத மீனைத் தவறவிட்டதாக ஆர்லின் குளிர்காலம்தோறும் சொல்லிவருகிறார். கதை அளக்கிறான் என்று ஊர் சிரித்ததை உதறிவிட்டார். ஆனால் வெர்னா ஸ்வெட்டர் பின்னியபடி, தலை நிமிராமல் போடும் அந்த ஒரு ‘உம்’ இருக்கிறதே, அதுதான் அவரை முப்பது வருஷமாக அறுத்தது. இப்போது அவள் இதை வெறும் பைக் மீன் என்று சொல்லிவிட்டால், சொந்த வீட்டிலேயே அவர் புளுகன்.

வெர்னா ஓவர்கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தாள். மீன் வாடைக்கு மூக்கைச் சுளித்துக்கொண்டே தலையிலிருந்து வால்வரை நடந்து பார்த்தாள்.

“வால்ல ஒரு ஓரம் கிழிஞ்சிருக்கு. இடது கண்ணுக்கு மேல வெள்ளைத் திட்டு. முதுகு முள்ளுல மூணாவது ஒடிஞ்சிருக்கு. இது எங்க வீட்டுக்காரர் விட்ட மீனு. வேற என்ன?”

ஒடிந்த முள்ளை ஆர்லினே மறந்திருந்தார். முதல் வருஷம் ஒரே ஒருமுறை சொன்னது அது.

“அப்போ நீ நம்பினியா வெர்னா?” ஆர்லின் கேட்டார்.

“நம்பாம என்ன? நம்பறேன்னு சொல்லியிருந்தா நீ இன்னும் ரெண்டடி நீட்டியிருப்ப.”

கெஸ்லர் ‘ஆர்லினின் மீன்’ என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டார். மீனைத் தள்ளியதும் அது அவசரமில்லாமல் தண்ணீருக்குள் இறங்கிப்போனது. அதன்பின் குளிர்காலங்களில் அந்தக் கதையை வெர்னாதான் சொல்கிறாள். ஆர்லின் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்தபடி தலையாட்டுகிறார். அவள் சொல்லும்போது மீன் மூன்றடி கூடுதல் நீளம். ஊரில் யாரும் மறுப்பதில்லை.