ஈரக்கரி போட்ட நாள்

விருதுநகரில் சீனிவாசகத்தின் எண்ணெய் மில் இருந்த தெருவில் அந்தக் காலத்தில் யாரும் கடிகாரம் பார்த்ததில்லை. மில்லின் கேஸ் என்ஜின் ‘டொக், டொக்’ என்று அடிக்க ஆரம்பித்தால் காலை. நின்றால் மத்தியானச் சோறு. அந்தச் சத்தம் இல்லாவிட்டால் சீனிவாசகத்தின் மனைவி சுப்புலட்சுமிக்குத் தோசைகூடத் திரும்பாது. அவள் புருஷனும் தம்பி ஜெயச்சந்திரனும் கூட்டாக வாங்கிய என்ஜின் அது. எப்படிப்பட்ட நாட்கள்! மாமன் மச்சான் இரண்டு பேரும் ஒரே இலையில் சாப்பிடாத குறைதான்.

உயரமான இரும்பு உலையில் கருவேலங்கரியைக் கொட்டி மூட்டி, அதில் கிளம்பும் கேஸைத் தண்ணீரில் கழுவி என்ஜினுக்குள் விடுவார்கள். கரி வாங்குவது சுப்புலட்சுமியின் பொறுப்பு. கத்தரிக்காய் பொறுக்குவதுபோல் சாக்குக்குள் கைவிட்டு, இரண்டு துண்டை எடுத்துத் தட்டிப் பார்ப்பாள். கணீரென்றால் சாக்கு உள்ளே போகும். பொத்தென்றால் ஈரம், வண்டி வந்த வழியே திரும்பும்.

கூட்டு உடைந்ததும் கரியால்தான். ஐம்பத்தேழில், பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்கு முன்னால் எண்ணெய் ஆர்டர் குவிந்து கிடந்த நேரம். ரயிலையே இழுக்கிற நிலக்கரி நம்ம என்ஜினை இழுக்காதா என்று ஜெயச்சந்திரன் ஒரு லோடு இறக்கிவிட்டான். சூடு என்னவோ அமோகம். ஆனால் நன்றாக எரிகிற கரியெல்லாம் நல்ல கேஸ் கொடுத்துவிடுமா? நிலக்கரி உலைக்குள் இளகி அல்வாபோல் ஒட்டிக்கொண்டது. அதிலிருந்து வந்த தார் வால்வில் போய் அப்ப, என்ஜின் இருமி நின்றது. திருவிழா முடியும்வரை மில் ஊமை.

“எந்தக் கரிய எதுல போடணும்னு தெரியாதவனோட என்ன கூட்டு?” என்று வேலையாட்கள் முன்னால் கத்திவிட்டார் சீனிவாசகம்.

“இனி இந்த வாசல மிதிச்சா ஏன்னு கேளுங்க அத்தான்” என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனான் ஜெயச்சந்திரன்.

போனவன் இரண்டு தெரு தள்ளி, என்ஜின் சத்தம் கேட்கிற தூரத்திலேயே பருப்புக்கடை வைத்தான். திரும்பவே இல்லை. சுப்புலட்சுமிக்கு மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்ற கதைதான்.

அறுபத்துநாலில் மில்லுக்குக் கரண்ட் வந்தது. மோட்டாரையும் இறக்கியாயிற்று. மறுநாள் பழைய என்ஜினைக் கழற்றி லாரியில் ஏற்றி அனுப்பப் போகிறார்கள். கடைசியாக ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றார் சீனிவாசகம். சுப்புலட்சுமிக்குத் தம்பி ஞாபகம் வந்தது. அந்த இரண்டு பேருக்கும் பொதுவென்று மிஞ்சியது இது ஒன்றுதான். இதுவும் போய்விட்டால் தம்பி இந்த வாசலுக்கு எதற்காக வருவான்?

கரிக்கொட்டகைக்குப் போனாள். தண்ணீர்க் குடத்தைத் தூக்கி ஒரு சாக்குக் கரியில் கவிழ்த்தாள். அத்தனை வருஷம் ஈரக்கரியை விரட்டிய கை அது.

என்ஜின் முதலில் ஜோராக அடித்தது. ஈரக்கரி உலைக்குள் இறங்கியதும் கேஸ் மெலிந்து நொண்ட ஆரம்பித்தது. ஒரு அடி விழுந்தால் அடுத்த அடியைக் காணோம். சீனிவாசகம் வால்வைத் திருகித் திருகிப் பார்த்தார். வியர்த்ததுதான் மிச்சம்.

தெருமுனையில் செருப்புச் சத்தம் கேட்டது. பருப்பு அளந்த படியைக்கூடக் கீழே வைக்காமல் ஜெயச்சந்திரன் ஓடி வந்தான்.

“எவம்லே ஈரக்கரியப் போட்டது? எம்புட்டு நேரமா நொண்டுது! என்ஜினக் கொல்லப் பாக்கீகளா? தள்ளுங்க அத்தான் அங்கிட்டு!”

வாசலை மிதித்த நினைப்பே அவனுக்கு இல்லை. சீனிவாசகம் அவனையே பார்த்தார்.

“காஞ்ச கரி அந்த மூலைல கெடக்கு மாப்ளே. எடுத்துட்டு வா.”

எடுக்கப் போனவன், சொட்டுகிற சாக்கையும் பக்கத்தில் காலிக் குடத்தோடு நின்ற அக்காளையும் பார்த்தான். காய்ந்த கரியை அள்ளி உலையில் கொட்டினான். கொஞ்ச நேரத்தில் என்ஜின் பழைய கணக்கில் அடித்தது. சுப்புலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் மோட்டார் ஓடியது. அதன் சத்தம் அடுத்த வீட்டுக்குக்கூடக் கேட்காது. ஆனாலும் மத்தியானச் சோற்று நேரத்துக்கு ஜெயச்சந்திரன் சரியாக வந்து நின்றான்.