முன்னூறு துண்டு விமானம்

சிவாஜிநகர் பொம்மைக் கடையில் விற்பனைப் பையன் டேரில் என் முன்னால் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தான். இரண்டுமே, இரண்டாம் உலகப் போரில் கடல்மேல் ரோந்து சுற்றிய, தண்ணீரில் இறங்கக்கூடிய ஒரு குண்டுவீச்சு விமானத்தின் மாடல். நாமே ஒட்டிச் செய்ய வேண்டும். சின்னதில் நாற்பது துண்டுகள், பெரியதில் முன்னூறு.

“டாடி, உங்க கை நடுங்குது. சின்னதே போதும்,” என்றாள் என் மகள் டீனா.

“எஞ்சின் ஓடுறப்ப விமானமும்தான் நடுங்கும். பறக்கலையா? நிஜ விமானத்தையே அல்சூர் ஏரியில கயிறு கட்டி இழுத்தவன்மா நான்.”

“அங்கிள், சண்டை முடிஞ்சப்புறம்தானே நீங்க பொறந்தீங்க?” என்றான் டேரில்.

“அவசர வேலைப்பா. கொஞ்சம் முன்னாடியே வந்துட்டுப் போனேன்.”

டீனா சிரிக்கவில்லை. “பெருசை வாங்கினா பாதியில விட்டுருவீங்க டாடி.”

பெரிய பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டேன். சின்னதை அவள் கையில் வைத்தேன்.

“இதை நீ ஒட்டு. யார் முதல்ல முடிக்கிறாங்கன்னு பார்ப்போம்.”