சத்தம் போடாத செயின் பிளாக்

எனக்கு என் சகலையைப் பிடிக்காது என்று சொல்பவர்கள் சொல்வது பாதிதான் சரி. அவனை எல்லோருக்கும் பிடிக்கிறது பாருங்கள், அதுதான் எனக்குப் பிடிக்காது.

மாமனாரின் டீசல் எஞ்சின் பட்டறையில் கல்யாணமான நாளிலிருந்து நான் உழைக்கிறேன். என் மனைவியின் தங்கையைக் கட்டிக்கொண்டு இவன் போன வருஷம்தான் உள்ளே வந்தான். வந்த வாரமே வாட்ச்மேன் முதல் மாமனார் வரை எல்லோரும் “சின்ன மாப்பிள்ளை, சின்ன மாப்பிள்ளை” என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட ஆரம்பித்துவிட்டார்கள். நான் டீ வாங்கிக் கொடுத்தால் அது டீ. அவன் வாங்கிக் கொடுத்தால் விருந்து.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். செயின் பிளாக்கில் கை வைத்தபோதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பட்டறை நடுவே இரும்பு உத்தரத்தில் தொங்குகிறது அது. கைச்சங்கிலியை ஒருத்தர் இழுத்தால் போதும், ஒரு முழு எஞ்சின் மேலே வந்துவிடும். இழுக்க இரண்டாவது ஆள் வேண்டியிருந்தால் பாரம் கூடிப்போச்சு என்று அர்த்தம், அத்தோடு நிறுத்திவிட வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. யாரும் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டது. வாரக் கடைசியில் சங்கிலியைத் துடைத்து, எந்தக் கண்ணியாவது தேய்ந்ததா, நெளிந்ததா என்று பார்ப்பேன். கொக்கியின் வாய் அகன்றிருக்கிறதா என்று அளப்பேன். பாரம் தூக்கும் சங்கிலிக்கு எண்ணெய் போடுவேன். உள்ளே இருக்கும் பிரேக் தட்டுகள் பக்கம் மட்டும் எண்ணெய்க் கையோடு போகவே மாட்டேன். அவை காய்ந்து கிடந்தால்தான் பிடிக்கும்.

நான் காய்ச்சலில் படுத்திருந்த வாரம் அவன் அதைக் கழற்றி சர்வீஸ் செய்திருக்கிறான். போதாததற்குப் பச்சை பெயின்ட் வேறு. நான் திரும்பி வந்ததும் மாமனார் முகமெல்லாம் பல்லாக நின்றார்.

“பெரிய மாப்பிள்ளை, வெறுமனே இழுத்துப் பாருங்க. முன்னாடி டக்கு டக்குன்னு மண்டையை உடைக்கும். இப்ப சத்தமே இல்ல. வெண்ணெய் மாதிரி போகுது!”

இழுத்துப் பார்த்தேன். போனது. “நல்லா இருக்கு மாமா” என்று வாய் சொன்னது. வயிறு எரிந்த எரிச்சலில் அதற்கு மேல் எனக்கு எதுவும் ஓடவில்லை.

வீட்டில் புலம்பியதற்கு என் மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள், “அந்தச் சங்கிலிக்கு வாக்கப்பட்டிருக்கீங்களா என்ன? யாரு தொட்டா என்ன?”

அவளுக்கென்ன, சொல்லிவிடுவாள். மாமனாருக்கு முழங்கால் வலி. இனி தினமும் பட்டறைக்கு வர முடியாது, பெரிய ஜெனரேட்டர் வேலை முடிந்ததும் மாப்பிள்ளைகளில் ஒருத்தரிடம் சாவியைக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். அந்த ஒருத்தர் யார் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் பார்வை எந்தப் பக்கம் போகிறது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜெனரேட்டர் எஞ்சினைத் தூக்கும் நாள் வந்தது. சங்கிலி அவன் கையில். நான் கையைக் கட்டிக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றேன். இவன் வேலையில் ஒரு நொட்டையாவது கிடைக்காதா என்று கண்ணையும் காதையும் தீட்டிக்கொண்டு நின்றேன். எஞ்சின் இடுப்புயரம் ஏறியது. மாமனார், “பாருங்க, பாருங்க” என்றார். ஒரு சத்தமும் இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சத்தம் ஏன் இல்லை?

தூக்கும்போது கேட்கிற டக்கு டக்கு, உள்ளே ஒரு சின்ன இரும்பு நாக்கு பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லிலும் விழுகிற சத்தம். கையை விட்டால் பாரம் திரும்பி இறங்காமல் பிடித்துக்கொள்வது அந்த நாக்கும் பிரேக் தட்டுகளும்தான். கிரீஸில் ஒட்டிக்கொண்டு நாக்கு விழவில்லை என்றால்?

“தம்பி, உள்ள கிரீஸ் வெச்சியா?”

“ஆமாண்ணே. நாக்கு, தட்டு எல்லாத்துக்கும் தாராளமா வெச்சேன். பாவம், வறண்டு கிடந்துச்சு.”

சொல்லிக்கொண்டே சாக்கை விரித்து, அடி போல்ட்டைப் பார்க்க எஞ்சினுக்குக் கீழே படுக்கப் போனான். நான் ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பொத்தான் தெறித்தது.

“என்ன மாப்பிள்ளை இது?” மாமனார் கத்தினார். “அவர் செஞ்ச வேலைன்னதும் ஆரம்பிச்சுட்டீங்களா? அவரைக் கண்டாலே ஆகாதா உங்களுக்கு?”

“ஆமா மாமா, ஆகாது! எனக்கு வயித்தெரிச்சல்தான், எல்லாருக்கும் தெரியும். அதுக்காக பிரேக் பிடிச்சுடுமா? பிடிச்சாலும் தொங்கற பாரத்துக்குக் கீழ எவனாவது படுப்பானா? முதல்ல கட்டை கொடுக்க வேண்டாமா?”

ஒரு காகித டீ கப்பை எடுத்து எஞ்சினுக்கு நேர் கீழே கவிழ்த்து வைத்தேன். கப்பைத் தொட்டும் தொடாத அளவுக்கு எஞ்சினை இறக்கச் சொன்னேன். இறக்கினான்.

“இப்ப கையை விட்டுட்டுத் தள்ளி நில்லு.”

விட்டான். எஞ்சின் அப்படியே நின்றது. மாமனார் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையிலேயே சாவி கைமாறிவிட்டது என்று நினைத்தேன். சகலை சமாதானமாகச் சிரித்து, “பரவாயில்லண்ணே, நல்லதுக்குத்தானே சொன்னீங்க...” என்று ஆரம்பித்தான்.

கப் லேசாக நசுங்கியது. அடுத்த மூச்சில் சங்கிலி சரசரவென்று ஓடி, எஞ்சின் தரையில் உட்கார்ந்தது. நாலு விரல் உயரம்தான், ஆனால் ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது.

சகலை முகத்தில் ஈயாடவில்லை. அவன் விரித்த சாக்கு எஞ்சினுக்கு அடியில் பாதி மாட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் ஓடினார்கள், அவனிடம். தண்ணீர் கொடுத்தார்கள், விசிறினார்கள், முதுகைத் தடவினார்கள். எனக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லை.

நிதானத்துக்கு வந்ததும் அவன் எழுந்து எல்லோர் முன்னாலும் சொன்னான்: “தப்பு என்னுதுதான் மாமா. தெரியாம கிரீஸை அப்பிட்டேன். சாவியை அண்ணன்கிட்டயே கொடுத்துடுங்க.”

“எவ்வளவு பெரிய மனசு பாருங்க!” என்று மாமனார் கண் கலங்கினார். உடனே சாவியை என் கையில் கொடுத்தார். சின்ன மாப்பிள்ளை சொல்லிவிட்டாரே, மறுக்க முடியுமா? இத்தனை வருஷம் நான் ஆசைப்பட்டது அவன் சிபாரிசில் எனக்குக் கிடைத்தது. அன்றைக்கே பிளாக்கை இறக்கி, ‘யாரும் தொடக் கூடாது’ என்று அதில் அட்டை கட்டி ஓரமாக வைத்தேன். தட்டுகளை மாற்றாமல் அது மறுபடி மேலே ஏறாது.

வீட்டுக்கு வந்தால் என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சி போன்ல ஒரே அழுகை. ‘அத்தானுக்கு இவர் மேல இவ்வளவு பாசமா அக்கா’ன்னு கேக்கறா.”

“பாசமாவது மண்ணாவது” என்றேன். “அவன் எங்க சறுக்குவான்னு காத்துக்கிட்டு நின்னேன். அதனாலதான் கண்ணுல பட்டுச்சு. எனக்கும் அவனைப் பிடிச்சிருந்தா, மத்தவங்க மாதிரி நானும் கை தட்டிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன்.”

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப ஒரு உதவி பண்ணுங்க” என்றாள். “அவரைப் பிடிக்க மட்டும் ஆரம்பிச்சுடாதீங்க.”