பூனைக்காரியின் வகுப்பு

என் மகளின் குரலை இப்போதெல்லாம் சுவர் வழியாகத்தான் கேட்கிறேன். சுவர் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு பெரிய அறையை இரண்டாக்க நடுவில் நிறுத்திய பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் என் ஸ்பானிஷ் வகுப்பு. அந்தப் பக்கம், போன வருஷம் புதிதாக வந்தவளின் ஸ்பானிஷ் வகுப்பு. ஆசிரியரின் பிள்ளை அவரிடமே படிக்கக் கூடாது என்று பள்ளியில் ஒரு விதி. அதனால் ஏழாவது படிக்கும் என் மகள் அந்தப் பக்கம் போய்விட்டாள்.

புதியவள் கத்தவே மாட்டாள். பிள்ளைகள் கூச்சல் போட்டால், பாட்டுப் போல ஒரு கேள்வி கேட்பாள்: "இ மி காத்தோ?" என் பூனை எங்கே என்று அர்த்தம். உடனே முப்பது பேரும் சேர்ந்து, "என் எல் ஸபாத்தோ!" என்பார்கள். ஷூவுக்குள்ளே! அவ்வளவுதான், வகுப்பு கப்சிப். அந்த முப்பது குரலில் ஒன்று மட்டும் தனியாக ஓங்கிக் கேட்கும். அது என் மகளுடையது. வீட்டில் நாலு முறை கூப்பிட்டால் ஒரு முறை "ம்" என்பாளே, அதே மகள்.

எனக்கு வயிறு எரிந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? பதினான்கு வருஷமாக டஸ்டரால் மேசையில் ஓங்கி அடித்து, "சிலென்சியோ!" என்று தொண்டை கிழியக் கத்தித்தான் நான் அமைதி வாங்கியிருக்கிறேன். அதுவும் நாலு நிமிஷம் தாங்காது. நேற்று வந்தவள் ஒரு பூனையை வைத்துக்கொண்டு பிழைக்கிறாள். அவளுக்குப் பூனைக்காரி என்று பெயர் வைத்தேன். அவளோ என்னை வாய் நிறைய "அக்கா" என்பாள். அதுவும் பிடிக்கவில்லை.

"பூனைக்காரி இன்னிக்கும் பூனையத் தேடினா," என்று சாப்பாட்டு மேசையில் கணவரிடம் ஆரம்பிப்பேன். "பூனைய யாராவது ஷூவுக்குள்ள வெப்பாங்களா? அதுல ஒரு வினைச்சொல்லாவது இருக்கா? முழு வாக்கியம் சொல்லிக்கொடுக்கத் துப்பில்ல, இவல்லாம் ஒரு டீச்சர்!"

அவர் சிரிப்பார். மகள் தட்டைப் பார்த்தபடி சாப்பிடுவாள். டீச்சரை விட்டுக்கொடுக்க மனமில்லையாக்கும் என்று எனக்கு இன்னும் எரியும்.

"ஏன், உங்க மிஸ்ஸச் சொன்னா உனக்குப் பொத்துக்கிட்டு வருதோ?"

"எனக்கென்ன," என்று எழுந்து போய்விடுவாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. "உனோ, தோஸ், த்ரேஸ்" என்று நான் எண்ணினால் "ஓஹோஸ் அக்கீ" என்று பதில் வர வேண்டும் என்று பழக்கினேன். கண்கள் இங்கே என்று பொருள். என் பிள்ளைகள் அதைக் கசப்பு மருந்து குடிப்பது போலச் சொன்னார்கள். முன் பெஞ்சுக்காரி ஒருத்தி கையைத் தூக்கி, "மிஸ், நாமளும் பூனையவே வெச்சுக்கலாமா?" என்றாள். அவளை உட்காரச் சொன்னேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கடைசி பீரியட். மேசையைத் தட்டித் தட்டிக் கை வலித்தது. என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது: "இ மி காத்தோ?" என் வகுப்பு வாயைத் திறப்பதற்குள் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. பிறகு இரண்டு வகுப்பும் சேர்ந்து சிரித்தது. கையும் களவுமாக மாட்டிக்கொண்டவள் மாதிரி நின்றேன்.

அன்று மாலை மகள் தானாகவே அடுக்களைக்கு வந்தாள்.

"அம்மா, இன்னிக்கு நீயும் பூனையச் சொன்னியே. நல்லாருந்துச்சா?"

முகமெல்லாம் சிரிப்பு. என்னைக் கேலி செய்யத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டேன்.

"உங்க பூனைக்காரியக் கிண்டல் பண்ணினேன். அந்த உளறல வேற எதுக்குச் சொல்லுவேன்?"

"சரி," என்றாள். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இனி பொறுக்க முடியாது, இவளை என் பக்கம் இழுத்தே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தேன். அந்த விதியைத் தளர்த்தச் சொல்லித் தலைமையாசிரியையை அரித்தெடுத்தேன். கடைசியில் அவரும் இறங்கி வந்து, அடுத்த வருஷம் எந்த வகுப்பு என்று பெற்றோரே குறித்துக் கொடுக்கட்டும் என்றார். மகளிடம் சொன்னேன். "உன் இஷ்டம்," என்றாள்.

பெற்றோர் கூட்டத்தன்று படிவமும் பேனாவுமாகத் தடுப்பின் அந்தப் பக்கம் போய், பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தேன். மகள் வெளியே நின்றாள். பூனைக்காரி படிவத்தைப் பார்த்தாள், முகம் வாடியது.

"கூட்டிட்டுப் போறீங்களா அக்கா? என் வகுப்பு அடங்கறதே அவ பூனையாலதானே."

"அவ பூனையா?"

"உங்களுக்குத் தெரியாதா?" இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வைத்தாள். "இங்க வகுப்ப அடக்கச் சொல்ற கேள்வி பதில் வரியெல்லாம் பிள்ளைங்களே எழுதறதுதான். ஓட்டுப் போட்டு எடுப்போம். அவளோடதுதான் ஜெயிச்சது. மொத்தம் பதினொண்ணு எழுதியிருக்கா."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

அவள் தயங்கினாள். "நான் சொல்லட்டுமான்னு கேட்டேன் அக்கா. வேண்டாம் மிஸ், அம்மா திருத்திடுவாங்கன்னா."

நோட்டைத் திறந்தேன். மகளின் குண்டு குண்டு எழுத்து. ஒரு வரியில் நிலா கேட்கிறது, கரண்டி பதில் சொல்கிறது. இன்னொன்றில் குடை மழையைத் தேடுகிறது. என் வீட்டு மேசையில் எத்தனை நாள் இந்தப் பூனையை வைத்துச் சிரித்திருக்கிறேன், அவளை எதிரே உட்கார வைத்துக்கொண்டு! வெட்கமாக இருந்தது. ஆனாலும் பாழாய்ப்போன பொறாமை அப்போதும் விடவில்லை. எனக்குக் காட்டாததை இவளிடம் காட்டியிருக்கிறாளே என்றுதான் மனம் முதலில் அடித்துக்கொண்டது.

கதவருகில் மகள் வந்து நின்றாள். நோட்டைப் பார்த்தாள். அடுத்து அவள் பார்த்தது என் முகத்தை அல்ல, என் கையை. பேனா இருக்கிறதா என்று. இருந்தது. மூடியும் திறந்திருந்தது.

"எத்தனை தப்பும்மா?"

இரண்டு. படிக்கும்போதே எண்ணிவிட்டிருந்தேன்.

"ஒண்ணுமே இல்லடி."

அவள் நம்பவில்லை. படிவத்தை இழுத்து, 'இதே வகுப்பு' என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவள் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, இரண்டு முறை படித்தாள். பிறகு துள்ளிக் குதித்து, "தேங்க்ஸ் மிஸ்!" என்றாள், பூனைக்காரியிடம்.