லோக்கல் டீச்சர்

பி.எட். முடித்து இரண்டு வருடமாக வேலை தேடும் ஆஃப்ரின், தன் ஊரான பாப்பாரப்பட்டியில் ஒரு தனியார் பள்ளித் தாளாளர் முன் உட்கார்ந்திருந்தாள். இந்த வேலையாவது கிடைக்க வேண்டும்.

தாளாளருக்குத் தெரிந்த இங்கிலீஷில் பாதி, ‘லோக்கல்’ என்ற சொல்தான்.

“உங்க காலேஜ் லோக்கல். இங்கிலீஷும் லைட்டா லோக்கல்” என்றார். சம்பளம் கேட்டதற்கு, “லோக்கல்தானேம்மா, வூட்டுச் சாப்பாடு. பாதி போதும். ஞாயித்துக்கிழமையும் வந்துடுங்க, லோக்கல்தானே” என்றார்.

ஆஃப்ரின் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

“அட்மிஷன் நோட்டீசுல மட்டும் உங்களைப் பெங்களூர் டீச்சர்னு போட்டுக்கறோம்.”

“அப்ப பெங்களூர் சம்பளம் குடுங்க சார்.”

தாளாளர் முகம் சுளித்தார். “ச்சே, லோக்கலா பேசாதீங்கம்மா.”

“நீங்களும் நானும் படிச்சது இதே ஊரு கவர்மென்ட் ஸ்கூல்லதானுங்க சார்” என்றபடி, சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.