பதினோரு பேத்திகளின் லீவு லெட்டர்

பாட்டி செத்துப்போச்சு என்று எழுதி லீவு வாங்காத தொழிலாளி இந்த ஒரகடம் ரோட்டில் இன்னும் பிறக்கவில்லை. வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியின் டைம் ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான், கோதண்டராமன். எனக்கு வந்த லெட்டர்களையெல்லாம் நம்பினால், தாம்பரத்திலிருந்து தூத்துக்குடி வரைக்கும் மருந்துக்குக்கூட ஒரு கிழவி மிஞ்சியிருக்க முடியாது. ஒருத்தனுக்கு ஒரே வருஷத்தில் ஏழு பாட்டி போய்ச் சேர்ந்தார்கள். ஏழாவதுக்கு மாலை என் செலவு என்றேன், அழுதேவிட்டான். ரிட்டயர் ஆன அன்று, என் நாற்காலிக்கு வந்த செந்தமிழனிடம் ஒரே ஒரு உபதேசம்தான் செய்தேன். "தம்பி, பாட்டி செத்தா மட்டும் லீவு குடுத்துடாத. லைனே காலியாயிடும்."

பையன் சிரித்தான். சிரித்துவிட்டு, நான் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான்.

கோவிந்தம்மா டீச்சரை எங்கள் ஊரில் தெரியாதவர் கிடையாது. ஆரம்பப் பள்ளியில் முப்பத்தைந்து வருஷம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர். அவர் 'உக்காரு' என்றால் ஏரியில் பறக்கிற நாரைகூட உட்காரும் என்று நான் சொல்வேன். டீச்சர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். "கோதண்டம், பத்தால வகுத்துச் சொல்லு." நான் வகுத்துச் சொல்வேன். அப்புறம்தான் எனக்கு டீ வரும்.

நெல் விளைந்த இடத்தில் ஹாஸ்டல்கள் எழும்பி, தெற்கத்திப் பெண்கள் கம்பெனி வேலைக்குப் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கிய காலத்தில் டீச்சரும் ரிட்டயர் ஆனார். ஹாஸ்டலில் ஒரு சட்டம். கேட்டைத் தாண்ட வேண்டுமென்றால் உள்ளூர்க் கார்டியன் வந்து நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். என்ன உறவு என்றும் எழுத வேண்டும். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த வேல்விழிக்கு ஒருநாள் பல்வலி. கன்னம் பரங்கிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. வெளியே கூட்டிப்போக ஆளில்லை. அந்தப் பக்கமாகப் போன டீச்சர் உள்ளே நுழைந்து, நோட்டை இழுத்து, உறவு என்ற இடத்தில் 'பாட்டி' என்று எழுதினார்.

"இன்னா டீச்சர், அந்தப் பொண்ணு தின்னவேலி. நீங்க எப்டி பாட்டி?" என்றாள் வார்டன் அம்சவல்லி.

"என் வூட்டுக்காரர் வழியில."

வீட்டுக்காரர் போய்ப் பதினைந்து வருஷம். யார் போய்க் கேட்பது? கூட நின்ற நான் பொறாமையில் வெந்துபோனேன். நாற்பது வருஷமாக அண்டப்புளுகன் பட்டத்தை விட்டுக்கொடுக்காமல் இருக்கிறேன். இவ்வளவு சுத்தமான பொய் ஒன்று எனக்கு வாய்த்ததில்லை.

அதோடு விட்டாரா? அந்த நோட்டில் அப்புறம் பக்கத்துக்குப் பக்கம் பாட்டிதான். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக் கூடத்தில் தபால் வழி டிகிரிக்குப் பாடம். காய்ச்சல் என்றால் படப்பை டாக்டரிடம் ஷேர் ஆட்டோவில் கூட்டிப்போவார். ஊரிலிருந்து வந்த மாப்பிள்ளை போட்டோவைக் காட்டினால், "இவன் பதிமூணாம் வாய்ப்பாட்டைத் தாண்டமாட்டான், வேணாம்" என்று தள்ளிவிடுவார். மூவாயிரம் பேத்திகள். சரி, முந்நூறு. அட, முப்பது.

போன ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, விடிகாலை ஐந்தரைக்கு வாசல் தெளிக்கப் போன டீச்சர், வாளியை வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். மருமகள் சசிரேகா காபியோடு வந்து பார்த்தபோது உயிர் இல்லை.

முதல் ஷிப்ட் பஸ் அதற்கு முன்பே போய்விட்டது. அதில் டீச்சரின் பேத்திகள் பதினோரு பேர். போனெல்லாம் லாக்கரில். ஒன்பது மணி டீ பிரேக்கில்தான் சேதி பார்த்திருக்கிறார்கள். வேல்விழி போய் சூப்பர்வைசரிடம் பாட்டி இறந்துட்டாங்க என்றாள். பின்னாலேயே செல்வலட்சுமி. மூன்றாவது பெண் வாயைத் திறந்ததும் அவர் சிரித்துவிட்டாராம். எல்லோரையும் செந்தமிழனிடம் அனுப்பினார்.

"இன்னாம்மா, பதினோரு பேருக்கும் ஒரே நாள்ல பாட்டி செத்துட்டாங்களா?"

"ஒரே பாட்டிதான் சார்," என்றிருக்கிறாள் வேல்விழி.

திரும்ப லைனுக்கு அனுப்பிவிட்டான். வேல்விழி லாக்கருக்கு ஓடி எனக்குப் போன் போட்டாள். "தாத்தா, நீங்க வந்து சொன்னா நம்புவாக. மூஞ்சிய ஒருக்கா பாத்திருதோம்."

இங்கே டீச்சரின் மகன் லோகேஷ், ஒன்றரைக்கு ராகு காலம், அதற்குள் எடுத்துவிட வேண்டும் என்றான். அதற்கப்புறம் மழை இறங்கினால் ஏரிக்கரைச் சுடுகாட்டில் கட்டை தீப்பிடிக்காது. வானமும் கறுத்துத்தான் கிடந்தது. பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி வருவது எங்கள் வழக்கம். லோகேஷுக்கு கனிஷ்கா ஒரே பெண். சுடுகாட்டு வேலை பார்க்கிறவர் ஒரு குச்சியில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டு சுத்துப்பா, பொண்ணுங்களைக் கூட்டியாறேன்," என்று சொல்லி ஸ்கூட்டரை எடுத்தேன்.

கம்பெனி கேட்டுக்கு செந்தமிழனே வெளியே வந்தான். மரியாதையான பையன். டீச்சரைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டான். முகம் இளகியது.

"சரி சார். இந்தப் பதினோரு பேரோட முடிஞ்சுடும்ல?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் டீச்சர் போன அன்று, அவரைப் பதினொன்றில் அடக்கிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"பதினொண்ணா? இன்னாப்பா பேசற! உன் கம்பெனியில இருநூறு பொண்ணுங்களுக்கு அவங்கதான் பாட்டி. ஒருத்தி பாக்கியில்லாம வந்து நிப்பாளுங்க பாரு!"

இளகிய முகம் இறுகிக்கொண்டது.

"அப்ப முடியாது சார். பதினோரு பேருன்னா ரிலீவர் போட்டு அனுப்பிடலாம்னு இருந்தேன். இவங்களை வுட்டா மீதிப் பேரும் கேப்பாங்க. லைனே காலியாயிடும். நீங்க சொன்னதுதானே?"

"இல்லப்பா, பதினொண்ணுதான். சத்தியமா."

"இப்ப ஏன் சார் கொறைக்கிறீங்க?"

என் பெண்மேல் ஆணையாகச் சத்தியம் செய்தேன். கையெடுத்துக் கும்பிட்டேன். அவனும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனான். இத்தனை வருஷத்தில் என் பொய்யை அப்படியே நம்பிய முதல் ஆள் அவன்தான்.

ஒன்று இருபத்தைந்து வரைக்கும் லோகேஷ் பொறுத்தான். தெருமுனையைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான். அப்புறம் தலையசைத்தான். கனிஷ்கா ஒரு பந்தத்தை ஏந்தி மூன்று சுற்று வந்தாள். தகரத் தட்டில் மீதிப் பதினொன்றும் நெய்யில் ஊறியபடி கொளுத்தாமல் கிடந்தன. தூக்கினோம்.

காரியம் முடித்து, தலைமுழுகி, நான் ஈர வேட்டியோடு அந்த வீட்டுக்குத் திரும்பியபோது மணி மூன்றரை. வாசலில் இரண்டு ஷேர் ஆட்டோ. ஷிப்ட் முடிந்த கையோடு வந்த பதினோரு பெண்களும் ஐடி கார்டு கழுத்தில் தொங்க நின்றார்கள். வீடு கழுவியாகிவிட்டது.

"ஈரமாக் கீது, வழுக்கும், பாத்து வாங்க," என்றாள் சசிரேகா. சொல்லி முடிக்கும் முன்னே வேல்விழி அவள் தோளில் சாய்ந்து பெரிதாக அழ ஆரம்பித்தாள்.

கனிஷ்கா காலையில் போனில் எடுத்த படத்தைக் காட்டினாள். மாலைக்கு நடுவில் டீச்சரின் முகம். அந்தச் சின்னத் திரையை ஒருத்தி பார்த்து அடுத்தவளிடம் கொடுத்தாள்.

"தாத்தா, நீங்க போய்ச் சொன்னியளா?" என்றாள் செல்வலட்சுமி.

நான்கு மணி நேரம் கேட்டில் மல்லாடினேன், அந்தப் பாவி கல்நெஞ்சுக்காரன் என்று சொல்லியிருக்கலாம். வாயில் தயாராக இருந்தது. முடியவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். இருநூறு என்று சொன்னதையும் சொன்னேன்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"பதினொண்ணுன்னே சொல்லியிருக்கலாம்லா தாத்தா," என்றாள் செல்வலட்சுமி.

அதற்குள் அவள் முறை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் காத்திருந்தார்கள்.